ஒரு பிள்ளை, இரண்டு அமைச்சகங்கள்: இந்தியாவில் போதைச் சிகிச்சையும் இளையோர் மனநலமும் (1982–2022)

முன்னுரை

வளரிளம் பருவத்தில் போதைப் பழக்கமும் மனநலச் சிக்கலும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. மனச்சோர்வில் தவிக்கும் பிள்ளை கஞ்சாவில் ஆறுதல் தேடுகிறது. தொடர்ந்து கஞ்சா புகைக்கும் பிள்ளைக்குத் தீவிர மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது. எது முதலில் வந்தது என்று பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கே கடினம். இந்திய அரசோ இவ்விரண்டையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இரு வேறு அமைச்சகங்களின் பொறுப்பில் வைத்திருக்கிறது. இந்தப் பிரிவு எப்படி உருவானது, சட்டம் அதை எங்கே சரிசெய்தது, எங்கே இடைவெளி எஞ்சியிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டத்தில் இரண்டும் இணைந்துவிட்டன, சேவையில் இன்னும் இணையவில்லை என்பதே இதன் வாதம்.

பிரிவின் தொடக்கம்

1982இல் தேசிய மனநலத் திட்டம் நல்வாழ்வு அமைச்சகத்தின்கீழ் தொடங்கியது. 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. அதையொட்டி, தொண்டு நிறுவனங்களுக்கு நிதியளித்து மீட்பு மையங்கள் நடத்தும் பொறுப்பை, இன்று சமூக நீதி அமைச்சகம் எனப்படும் அன்றைய நலத்துறை அமைச்சகம் ஏற்றது. அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புப் பிரிவுகளை நல்வாழ்வு அமைச்சகமும் ஏற்படுத்தியது. ஆனால் ஊர்தோறும் மக்கள் கண்ட 'மறுவாழ்வு மையம்' முதல் வழியில் வந்ததுதான்.

தமிழ்நாட்டிலும் முன்னோடி முயற்சிகள் இரு தடங்களில் வளர்ந்தன. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சையளித்தார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த மருத்துவர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார்.

இந்தப் பிரிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனநோய் மருத்துவமனை என்றாலே குடும்பங்கள் அஞ்சி ஒதுங்கிய காலம் அது. வேறொரு பெயர்ப்பலகையுடன் நின்ற மீட்பு மையத்தின் படியேறப் பலருக்குத் துணிவு இருந்தது. அந்தத் துணிவு பல உயிர்களைக் காத்தது. ஆனால் இரண்டு நோயும் சேர்ந்து வந்த இளைஞர்கள் இரு இடத்துக்கும் அரைகுறையாகவே பொருந்தினர்.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இதை ஓரளவு முன்னுணர்ந்தது. 16 வயதுக்கு உட்பட்டோருக்கும், மது அல்லது போதைக்கு அடிமையானோருக்கும் தனி மருத்துவமனைகள் அமைக்கலாம் என அதன் 5ஆம் பிரிவு அனுமதித்தது. எனினும் அவற்றை இரு தனி வகைகளாகவே அது பட்டியலிட்டது. 16 வயதுக்குக் கீழே இருந்துகொண்டு போதையிலும் சிக்கியவர் எந்த வகை என்பதற்கு அதில் விடையில்லை.

தண்டனையும் சிகிச்சையும்

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும். மனச்சோர்வோ மனப்பிறழ்வோ உள்ள இளைஞர் சிகிச்சையைத் தொடர முடியாமல் போவதற்கு அந்த நோயே காரணமாகலாம் என்பதை இவ்விதி கருதவில்லை.

18 வயதுக்கு உட்பட்டோருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வேறு பார்வையை வைத்தது. போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படக்கூடிய நிலையில் காணப்படும் குழந்தையை அது 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை என 77ஆம் பிரிவு விதித்தது. ஆனால் 18 வயது நிறைந்ததும் அதே பிள்ளையை 27ஆம் பிரிவு எதிர்கொள்கிறது.

கணக்கெடுப்பும் பிரிந்தே நடந்தது

சிறாரிடையே பரவும் போதைப் பழக்கம் குறித்து 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' என்ற குழந்தை உரிமை அமைப்பு 2014இல் தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தேசியக் கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. முகர்ந்து போதையேற்றும் பொருள்களின் பயன்பாடு பெரியவர்களிடம் 0.58 விழுக்காடாகவும், 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களிடம் 1.17 விழுக்காடாகவும் இருந்தது. பெரியவர்களைவிடச் சிறாரிடம் கூடுதலாக இருந்த போதை வகை இது ஒன்றே. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ஒயிட்னரும் தின்னரும் சில ரூபாய்க்குக் கடையில் கிடைப்பவை. துணியில் நனைத்து முகர்ந்தால் சில நொடிகளில் தலைக்கேறும், பசியும் மறக்கும். தெருவில் வாழும் பிள்ளைகளிடம் இப்பழக்கம் வேரூன்ற இதுவே காரணம்.

இதற்குச் சற்று முன்பு, 2015–16இல் நல்வாழ்வு அமைச்சகத்துக்காக நிம்ஹான்ஸ் எனும் தேசிய மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. வயது வரம்பும் முறையும் வேறான இவ்விரண்டு கணக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்க இயலாது.

2017: சட்டம் இணைத்தது

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் 'மனநோய்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன் 87ஆம் பிரிவு கூர்ந்து படிக்கத்தக்கது. 18 வயதுக்கு உட்பட்டவரை விதிவிலக்கான சூழலில் மட்டுமே உள்நோயாளியாகச் சேர்க்கலாம். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும். சிகிச்சை முடியும்வரை பொறுப்பாளரோ உதவியாளரோ உடன் தங்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதைக் கண்ட மாநிலத்துக்கு, அடைத்துவைப்பதற்கும் பராமரிப்பதற்கும் இடையே இச்சட்டம் கிழித்த கோட்டின் மதிப்பு நன்றாகவே புரியும்.

முடிவுரை

சேவையோ இன்னும் இரண்டாகவே நிற்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. மகன் தூங்காமல் தனக்குத்தானே பேசுகிறான், பையில் கஞ்சாவும் இருக்கிறது என்று பதறும் தாய், எந்த எண்ணை அழைப்பது என்பதையும் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வரலாறு காட்டும் தீர்வு தெளிவானது. மீட்பு மையம் ஒவ்வொன்றிலும் மனநல மருத்துவர் தவறாமல் பார்வையிட வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வோர் இளைஞரிடமும் போதைப் பழக்கம் பற்றிக் கனிவோடு கேட்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பீடு செய்யப்பட வேண்டும். தொடங்கிய சிகிச்சை 18ஆம் பிறந்தநாளோடு அறுந்துபோகக் கூடாது. இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை இரு அமைச்சகங்களும் ஒரே மேசையில் அமர்ந்து நிறைவேற்றினால் போதும்.