துண்டும் சான்றிதழும்

'பொறந்ததுக்கு என்ன சாட்சி, ஆளு முன்னால நிக்கிறேனே' என்று கேட்கலாம். அரசு ஆளைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. இலங்கை மலையகத்தின் வரலாற்றை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

தோட்டத் தொழிலாளியின் கடன் 'துண்டு'ச் சீட்டில் இருந்தது. 1921இல் துண்டு ஒழிந்த பின்னும் உழைப்பு செக்ரோலில் ஏறியது. பிறப்பு மட்டும் பலருக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டது அதைத்தான். இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும். பிறப்புப் பதிவு அங்கே கட்டாயமானதே 1897இல். பூட்டன் பிறந்ததற்குச் சான்றுக்கு எங்கே போவது? சிங்களக் கிராமத்தார் பலரிடமும் அது இருந்திருக்காது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது.

அப்படியானால் பதிவு வீணா? இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஈழத்துப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவிட்டது. பிறந்த இடமும் தேதியும்தான் அவர் பக்கம் பேசின. அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் மட்டும் குடியுரிமை தராது. ஆனால் எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதை இனி எவரும் மறுக்க முடியாது. வழக்கு அங்கிருந்துதான் தொடங்கும். பூட்டனுக்கு அந்தத் தொடக்கம்கூட வாய்க்கவில்லை.