கத்தரிக்கோலின் கைப்பிடி

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாறு என்றவுடன் கோட்டையும் கொடியும் போர்க்கப்பலுமே நினைவுக்கு வருதல் இயல்பு. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாய் விளங்கிற்று.

ஆயினும் ஒரு துறைமுகம் பீரங்கிகளால் மட்டும் இயங்குவதன்று. சோறு சமைப்போர், துணி வெளுப்போர், முடி திருத்துவோர் ஆகியோரின் கைகளும் அதனை இயக்குவனவாம். அக்காலப் பிரித்தானியக் கடற்படையில் மீசை மட்டும் வைத்தல் ஆகாது. தாடி விரும்புவோர் அனுமதி பெற்று, மீசையும் தாடியும் சேர்த்தே வளர்த்தல் வேண்டும். தலைமுடியோ எவர்க்கும் குறுகவே இருத்தல் வேண்டும். ஆதலின் கப்பல் எத்துறையில் நங்கூரமிட்டாலும் கத்தரிக்கோலுக்கு ஓய்வில்லை.

அக்கருவியின் வரலாறு மிகப் பழையது. ஆதியில் எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் வழங்கிய கத்தரி, வளைந்த வெண்கலத் தகடொன்றின் இரு முனைகளிலும் அலகு அமைந்தது. கையால் அமுக்க அது மூடும்; விட்டால் தானே விரியும். இரு அலகுகளும் ஆணியொன்றில் குறுக்கே இணையும் வடிவம் உரோமர் காலத்தில் வழக்கிலிருந்தது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ரொபேட் ஹின்ச்லிப் என்பார் 1761இல் வார்ப்பு உருக்காற் கத்தரிக்கோல் செய்தபின் அலகின் கூர்மை பெரிதும் சிறந்தது. இந்தியாவின் மீரட் நகரமும் தலைமுறை தலைமுறையாகக் கத்தரிக்கோலுக்குப் பெயர்பெற்றது. அந்நகரின் கத்தரிக்கோலுக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் கொல்லர்களின் கவனம் பெரும்பாலும் அலகின் மீதே சென்றது. கைப்பிடி என்பது சமமான இரு தண்டுகளும் அவற்றின் நுனியில் இரு வளையங்களுமே. துணி வெட்டும் தையற்காரருக்கு மேசை துணை நிற்கும். முடி திருத்துவோருக்கோ அத்துணை கிடையாது. அவர் மோதிரவிரலால் ஓர் அலகை அசையாது நிறுத்தி, கட்டைவிரலால் மற்றதை இயக்குகிறார். வளையங்கள் நேருக்கு நேர் அமைந்தால், கட்டைவிரல் உள்ளங்கையின் குறுக்கே நீண்டு மோதிரவிரலுக்கு எதிரே நிற்றல் வேண்டும். இவ்வசைவு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நிகழும்.

அன்றியும், கிராமத்து நாவிதர் அடைப்பம் எனும் கருவிப்பையைத் திறந்து வைத்து, தரையிற் குந்தியிருந்தே தொழில் செய்தார். பட்டினத்துச் சலூனில் உயர்ந்த நாற்காலி வந்தது. அவர் நாள் முழுவதும் நின்று, முழங்கையை உயர்த்தி வேலை செய்ய நேர்ந்தது. மணிக்கட்டு வளைந்தது, தோள் கடுத்தது, விரல்கள் மரத்தன.

தொழிலால் உடலுக்கு நோய் வரும் என்பதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். ஆயினும் கருவியை உடலுக்கேற்ப அமைக்கும் ஆராய்ச்சி தனித்துறையாக உருப்பெற நெடுங்காலம் சென்றது. அதற்குரிய 'எர்கோனொமிக்ஸ்' என்னும் சொல்லைப் போலந்து அறிஞர் யஸ்த்ஷெம்பொவ்ஸ்கி 1857இல் ஆண்டிருந்தார். 1949இல் இலண்டன் கடற்படைத் தலைமையகத்தில் கூடிய அறிஞர்களால் அத்துறைக்கெனச் சங்கம் தோன்றியது. அவருள் ஒருவரும், கடற்படையின் அசைவாய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவருமான ஹியூவெல் மரல் அதே சொல்லைப் புதிதாக முன்வைத்தார். தமிழில் அதனைப் பணிச்சூழலியல் என்பர்.

அவ்வாண்டில் திருக்கோணமலை அதே கடற்படையின் தளமாகவே இருந்தது. மாலுமியின் உடலுக்கேற்பக் கருவியை அமைக்க எண்ணிய காலத்தில், அம்மாலுமியின் முடியைத் திருத்தியவரின் கட்டைவிரலை எண்ணியவர் அரியர். தமிழூர்களில் நாவிதரின் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. வைத்தியமும் அறிந்தமையாற் பரியாரி என்ற பெயர் அவருக்கு வழங்கியபோதிலும், அவர் கைநோவைப் பிறவியோடு வந்த பங்கென்றே ஊரார் கருதினர். சாதியின் பெயரால் ஒருவரை ஒதுக்குதலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேறியதும், கடற்படை திருக்கோணமலையை விட்டகன்றதும் ஒரே 1957ஆம் ஆண்டிலாகும்.

பின்னர் கைப்பிடியும் மாறியது. கட்டைவிரற் தண்டைக் குறுக்கியமைத்ததால், அவ்விரல் நீளாது தன் இயல்பான இடத்திலேயே இயங்கலாயிற்று. ஒரு தண்டு நேராகவும் மற்றது கீழ்நோக்கி வளைந்தும் அமைந்த வகையில் முழங்கை தாழ்ந்தே நிற்கும். சுண்டுவிரல் தங்கச் சிறு கொக்கி ஒன்றுண்டு. சில வகைகளிற் கட்டைவிரல் வளையம் தானே சுழலும். ஆகவே மணிக்கட்டை முறுக்க வேண்டுவதில்லை. இடக்கை வழக்கமுடையோருக்கு அலகையே மாற்றியமைத்த கத்தரியும் உண்டு. எனினும் விலை மலிந்த கத்தரிக்கோல் பலவற்றில் இன்றும் பழைய சமத் தண்டுகளே காணப்படுகின்றன.

இலங்கையில் முடிதிருத்துதல் இன்று தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறத்தக்க பயிற்சித் துறையாகும். அதைக் கற்கும் இளைஞர் அலகின் கூர்மையைச் சோதிப்பதோடு அமையாது, வளையம் தம் விரலுக்குப் பொருந்துகிறதா, வெட்டும்போது முழங்கை தாழ்ந்திருக்கிறதா என்பனவற்றையும் பார்த்தே கத்தரி தெரிதல் நன்று. அலகு மழுங்கினால் சாணையிற் தீட்டிக்கொள்ளலாம். தேய்ந்த மணிக்கட்டைத் தீட்டித் தரும் சாணை எக்கடையிலும் இல்லை.