நம்ம ரத்தம் யார்கிட்ட இருக்கு?

அருமனை லேப்ல சுகர் பார்க்கக் கொடுத்த ரத்தத்தில் மிச்சம் எங்கே போகும்? கழிவுத் தொட்டிக்குத்தான். சேமிச்சு வெச்சா என்ன கிடைக்கும்? ஒரு உதாரணம் சொல்றேன்.

இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் மட்டும் விடுபட்டுப் போறது உண்டு. வயசாக ஆக இதயம் பலவீனமாகும் ஆபத்து இதனால் கூடும். இந்தியர்களில் சுமார் 4% பேருக்கு இது இருக்குன்னு தண்டபாணி, தங்கராஜ் குழு 2009இல் வெளியிட்டது. நூத்துக்கு நாலு பேர், யோசிச்சுப் பாருங்க! ஐரோப்பியர்கள்கிட்ட இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வெள்ளைக்காரங்க ரத்தத்தை மட்டும் எத்தனை லட்சம் பேர்கிட்ட சோதிச்சாலும் சிக்கியிருக்காது. நம்ம நோயாளிகளோட ரத்தம், பல சமூகங்களோட மாதிரிகள் எல்லாம் கையில் இருந்ததாலதான் தெரிஞ்சது.

பிரிட்டன் 2006-2010க்குள் 5 லட்சம் பேரைத் தன் உயிரி வங்கியில் சேர்த்துடுச்சு. நாம 'ஜீனோம் இந்தியா'வைத் தொடங்கினதே 2020இல்தான். சுமார் 10,000 பேரோட மரபணுத் தொகுப்பு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. 20,000 ரத்த மாதிரிகள் பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்தில் இருக்கு. 140 கோடி பேருக்கு இது ரொம்பக் கொஞ்சம்.

நாளைக்கு உங்ககிட்டயும் கேட்கலாம். தாராளமா கொடுங்க. ஆனா கையெழுத்துக்கு முன்னால கேளுங்க: எதுக்கு, எத்தனை வருஷம், மனசு மாறினா அழிச்சிடுவீங்களா?