கொலம்பியா மலையிடுக்கில் காற்றுக் கணிப்பு

கொலம்பியா மலையிடுக்கு என்பது அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே, காஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு கொலம்பியா ஆறு மேற்கு நோக்கிச் செல்லும் வழி. சுமார் 130 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 1,200 மீட்டர் வரை ஆழமும் கொண்டது. விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ச்சறுக்கு, கைட்போர்டிங் எனப்படும் பட்டச்சறுக்கு ஆகிய விளையாட்டுகளில் ஈடுபடுவோர் உலகெங்கும் இந்த இடத்தை அறிவார்கள். இங்கே நாள்தோறும் விடியற்காலையில், அன்று ஆற்றின் எந்தப் பகுதியில் எவ்வளவு காற்று வீசும் என்று கணித்துச் சொல்லும் வழக்கம் நாற்பது ஆண்டுகளில் ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது. வானிலை அறிவியலின் பெரிய வரலாற்றில் இது ஒரு சிறு கிளைதான். ஆனால், ஒரு நாட்டுக்கான பொதுக் கணிப்பு ஓர் ஊருக்கு ஏன் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காற்று எங்கிருந்து வருகிறது

காஸ்கேட் மலைத்தொடரை ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே கடக்கும் வழி இது ஒன்றுதான். மலையின் இரு பக்கமும் இரு வேறு உலகங்கள். மேற்கே காஸ்கேட் லாக்ஸ் ஊரில் ஆண்டுக்கு 70 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தி டாலஸ் ஊரில் 15 அங்குலம்கூடத் தேறுவதில்லை. மேற்கே பச்சைக் காடு, கிழக்கே காய்ந்த புல்வெளி.

கோடையில் கிழக்குச் சமவெளி வெயிலில் கொதிக்கிறது. சூடான காற்று இலேசாகி மேலெழ, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. அதே நேரத்தில் பசிபிக் கடல்மேல் குளிர்ந்த, கனத்த காற்று உயர் அழுத்தத்துடன் நிற்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று பாய வேண்டும். நடுவே மலை மறிக்கிறது. திறந்திருக்கும் வாசல் ஆற்றின் வழி மட்டுமே. வீட்டில் முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தால் நடைவழியில் மட்டும் காற்று இழுப்பதைப் போல, மொத்தக் காற்றும் இந்த இடுக்கில் நுழைகிறது. வானிலையாளர்கள் இதை இடைவெளிக் காற்று என்பர். பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைப் பக்கம் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றும், ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் மலை இடைவெளியில் விரைவு பெறுபவையே.

தமிழில் திசைக்கொரு காற்றுப் பெயர் உண்டு: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. அந்தக் கணக்கில் கொலம்பியாவின் கோடைக்காலக் காற்று முழுக்க முழுக்கக் கோடைதான். குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். கிழக்குச் சமவெளியில் குளிர்ந்த காற்று குளம்போல் தேங்கி அங்கே அழுத்தம் மிக, கொண்டல் வீசத் தொடங்கும்.

கணிப்புக்கு முன்

இந்தக் காற்றைப் பாய்ச்சறுக்குக்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சிலர் எழுதுவது சரியன்று. ஆற்றங்கரைப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதை அறிந்தவர்கள். பிடித்த சால்மன் மீனை உலர்த்தியதே இந்த வறண்ட காற்றில்தான். 1805இல் லூயிஸ், கிளார்க் குழுவினர் படகுகளில் இவ்வழியே கடலை நோக்கி இறங்கினர். காற்றாலும் அலையாலும் பயணம் தடைப்பட்ட நாள்கள் அவர்களது நாட்குறிப்புகளில் உள்ளன.

அமெரிக்க அரசின் வானிலைப் பணி 1870இல் இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் தொடங்கி, பின்னர் வேளாண்மைத் துறையின் கீழ் வந்தது. மலையிடுக்கின் காற்று அறிவியலாளர்களின் கவனத்துக்கு வந்தபோது அவர்கள் பார்த்தது கோடைக் காற்றையன்று, குளிர்காலப் புயலை. 1930–31 குளிர்காலத்தில் வீசிய கடும் கீழைக்காற்றைப் பற்றி 1931இல் அமெரிக்க வானிலை மாத இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 1939இல் தாவரவியலாளர் டொனால்ட் லாரன்ஸ், இங்குள்ள மரங்கள் ஒரு பக்கமாகவே கிளை விட்டு வளைந்து நிற்பதை ஆராய்ந்து எழுதினார். கருவி இல்லாத இடத்தில் மரமே காற்றுக் கருவி.

அணைகள் தந்த நீர்ப்பரப்பு

இன்று சறுக்கு விளையாட்டு நடக்கும் அகன்ற நீர்ப்பரப்பு இயற்கையானதன்று. 1930களில் கட்டப்பட்ட பானவில் அணை ஆற்றின் பழைய பாறை வீழ்ச்சிகளை மூழ்கடித்து, ஹூட் ரிவர் ஊரின் முன்னே ஏரி போன்ற தேக்கத்தை உண்டாக்கியது. 1957 மார்ச் 10 அன்று தி டாலஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டபோது, செலிலோ அருவி சில மணி நேரத்தில் நீருக்குள் மறைந்தது. யாகாமா, வார்ம் ஸ்பிரிங்ஸ், யுமட்டில்லா, நெஸ் பெர்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த இடம் அது. 1855 உடன்படிக்கைகளில் அவர்கள் தக்கவைத்துக்கொண்ட மீன்பிடி உரிமை இன்றும் அவர்களுக்கு உண்டு. ஆற்றில் அவர்களது வலைகள் இருக்கின்றன. ஹூட் ரிவரின் பெருமை பேசும் சுற்றுலாக் கையேடுகளில் இந்தச் செய்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பாய்ச்சறுக்கின் வருகை

பலகையில் பாய் கட்டிச் சறுக்கும் எண்ணம் 1960களில் உருவானது. கலிபோர்னியாவின் ஹாய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அது போட்டியாக இடம்பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் வலுவான காற்றைத் தேடியவர்கள் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தனர். அப்போது ஹூட் ரிவர், பேரிக்காய்த் தோட்டங்களையும் மரத் தொழிலையும் நம்பிய, ஐயாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். மரத் தொழில் நலிந்த காலத்தில் காற்று அந்த ஊருக்கு ஒரு புதிய பிழைப்பைக் கொடுத்தது.

அவர்களை ஈர்த்தது காற்றின் வலிமை மட்டுமன்று. ஆறு மேற்கே ஓடுகிறது. காற்று கிழக்கே வீசுகிறது. இரண்டும் எதிரெதிரே மோதுவதால் செங்குத்தான அலைகள் எழுகின்றன. காற்று ஒருவரை மேல்நீருக்குத் தள்ளினால் நீரோட்டம் அவரைத் திரும்பக் கீழே கொண்டுவருகிறது. கடலில் இந்த வசதி கிடையாது.

பட்டச்சறுக்கின் தொடக்கத்திலும் இந்த ஆற்றுக்குப் பங்குண்டு. போயிங் நிறுவனத்தில் காற்றியக்கவியலாளராக இருந்த பில் ரோஸ்லரும் அவர் மகன் கோரியும் உருவாக்கிய ‘கைட்ஸ்கி’ 1990களில் இங்கே ஓடியது. 2006 நவம்பரில் ஹூட் மலையிலிருந்து மழையோடு உருண்டுவந்த சேறும் கல்லும் ஹூட் ஆற்றின் முகத்தில் பெரிய மணல்திட்டாகப் படிந்தன. பட்டம் விரித்துக் கிளம்ப அகன்ற இடம் தேடியவர்களுக்கு அது தானாக வந்த களமாயிற்று.

ஒரு நாளின் கணிப்பு

சறுக்குபவருக்கு வேண்டியது ‘மேற்குக் காற்று, மணிக்கு 15 முதல் 30 மைல்’ என்ற ஒரு வரி அன்று. பதினைந்து மைலுக்கும் முப்பது மைலுக்கும் வேறு வேறு பாய். காற்று கூடக் கூட வேகத்தின் இருமடியில் விசை ஏறும். 30 மைல் காற்று 15 மைல் காற்றைப் போல நான்கு மடங்கு தள்ளும். மேலும், ஸ்டீவன்சனில் காற்று சீறும்போது ரூஃபஸில் ஓர் இலைகூட அசையாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே மலையிடுக்கைச் சேர்ந்த இடங்கள். போர்ட்லாந்திலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருபவர் எந்தத் துறையில் இறங்குவது?

கணிப்பவர் விடியுமுன் முதலில் பார்ப்பது அழுத்த வேறுபாட்டை. போர்ட்லாந்திலும் தி டாலஸிலும் உள்ள விமான நிலையக் கருவிகள் காட்டும் அழுத்தங்களைக் கழித்துப் பார்த்தால் வருவது சில மில்லிபார் மட்டுமே. அந்தச் சில மில்லிபார்தான் அன்றைய காற்று. அடுத்தது மேகம். கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகப் படலம் இரவில் மலையிடுக்கின் மேற்கு வாயிலில் புகுந்து நிற்கும். அது எவ்வளவு தூரம் கிழக்கே வந்திருக்கிறது, எப்போது கலையும் என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பார்கள். மேகத்தின் அடியில் குளிர்ச்சி, அதன் விளிம்புக்கு அப்பால் வெயில். அந்த எல்லையை ஒட்டியே பெரும்பாலும் காற்று வலுக்கிறது. மேகம் கிழக்கே நகர்ந்தால் காற்றும் நகரும். முற்றிலும் மேகமற்ற கடும் வெயில் நாளில், போர்ட்லாந்தும் கிழக்குச் சமவெளியோடு சேர்ந்து கொதித்தால், வேறுபாடு மறைந்து காற்றே இல்லாமலும் போகும். வெயில் கூடினால் காற்று கூடும் என்று நினைத்து வரும் புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கணினிக் கணிப்புகள் நெடுங்காலம் இங்கே தடுமாறின. கணினி நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலமானால், சில கிலோமீட்டர் அகலமே உள்ள மலையிடுக்கு அதில் தென்படாது. மலை ஒரு மழுங்கிய மேடாகிவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிளிஃப் மாஸும் ஜஸ்டின் ஷார்ப்பும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, அரை கிலோமீட்டருக்கும் சிறிய கட்டங்களைக் கொண்டு இக்காற்றைக் கணினியில் உருவாக்கிக் காட்டியது. 2014இல் அமெரிக்க அரசின் வானிலைத் துறை, மூன்று கிலோமீட்டர் கட்டங்களுடன் மணிக்கொருமுறை புதுப்பிக்கப்படும் கணிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அப்படியும் உள்ளூர்க் கணிப்பாளரின் வேலை போகவில்லை. காரணம் கருவியில் இல்லை, சரிபார்ப்பில் இருக்கிறது. காலையில் சொன்னதை மாலைக்குள் நூற்றுக்கணக்கானோர் ஆற்றிலேயே நின்று சோதித்துவிடுகிறார்கள். நாள்தோறும் திருத்தப்படும் இத்தகைய பயிற்சி வேறு எந்தக் கணிப்பாளருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

தவறினால் என்ன? காற்று வரும் என்று சொல்லி வராவிட்டால் பெட்ரோல் செலவோடு போயிற்று. நடுவில் நின்றுவிட்டால் அப்படியன்று. பட்டம் நீரில் விழ, ஆள் நடு ஆற்றில் கிடப்பார். அதே தடத்தில்தான் கோதுமை ஏற்றிய நீண்ட தெப்பக் கப்பல்கள் போர்ட்லாந்து நோக்கி வருகின்றன. அவற்றால் சட்டென்று நிற்கவோ திரும்பவோ முடியாது. வசந்தகாலத்தில் பனி உருகி வரும் தண்ணீரின் குளிர் வேறு கைகால்களை விறைக்கச் செய்யும்.

கொண்டல் வீசும் நாள்

கோடை முடியும் தறுவாயில் காற்று திசை மாறும் நாள்கள் உண்டு. 2017 செப்டம்பர் 2 அன்று ஈகிள் கிரீக் பகுதியில் ஒரு சிறுவன் எறிந்த வெடியால் காடு பற்றிக்கொண்டது. அடுத்த நாள்களில் கிழக்கிலிருந்து வீசிய வறண்ட காற்று தீயைப் போர்ட்லாந்துப் பக்கம் வேகமாகத் தள்ளியது. தீப்பொறிகள் அகன்ற ஆற்றையே தாண்டி வாஷிங்டன் கரையில் விழுந்தன. ஏறத்தாழ 50,000 ஏக்கர் எரிந்தது. ஆற்றங்கரையை ஒட்டிய நெடுஞ்சாலை மூடப்பட்டது. சறுக்குபவர்கள் நாள்தோறும் கழித்துப் பார்க்கும் அதே இரண்டு ஊர்களின் அழுத்த வேறுபாடுதான் தீயணைப்பு வீரர்களுக்கும் காற்றின் திசையைச் சொல்வது. அந்தக் கருவிகளைப் பராமரிப்பது அரசு. அவற்றின் அளவீடுகள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2025இல் அமெரிக்க வானிலைப் பணியில் ஆட்கள் குறைந்து, நாட்டின் சில நிலையங்களில் வானிலைப் பலூன் ஏவுவது குறைக்கப்பட்டது.