ஆப்பிள் கடிச்சா நாக்கு அரிக்குமா?

திருத்துறைப்பூண்டியில எங்க வீட்டுல காய்ச்சல் வந்தாத்தான் ஆப்பிள். அப்ப ஒண்ணும் பண்ணாத பழம், ஆன்சைட்ல நியூஜெர்சி போன மூணாவது வசந்தத்துல நாக்கு, தொண்டையெல்லாம் அரிக்க வச்சிடுச்சு. "பிகு பண்ணாதடா"ன்னாங்க அம்மா.

மேட்டர் இதாங்க. 1819-ல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், வருஷா வருஷம் கோடையில் வரும் தன் தும்மலைப் பதிவு செய்தார். 1873-ல் சார்லஸ் பிளாக்லி, தன் மேலேயே சோதித்து, காரணம் மகரந்தம் என்றார். 1942-ல் டஃப்ட், புளூம்ஸ்டைன் இருவரும் மகரந்த ஒவ்வாமைக்காரர்களுக்குப் பச்சைப் பழமும் ஒத்துக்கொள்ளாததை எழுதினார்கள். பிர்ச் மர மகரந்தத்திலும் ஆப்பிளிலும் ஒரே சாயல் புரதம்; உடம்பு ஏமாந்துடுது. வேகவச்சா அந்தப் புரதம் சிதைஞ்சிடும்.

நம்மூர் சீமைக்கருவேல மகரந்தத்துக்கும் டபுள் பீன்ஸுக்கும் இப்படி ஒரு உறவு இருக்குன்னு 2007-ல் இந்திய ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க.

அம்மாகிட்ட சொன்னேன். இப்ப ஊருக்குப் போனா இட்லிப் பானையில ஆப்பிள் வேகுது.