கணக்கில் வராத முதல் அடி

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எத்தனை விநாடி? கார்களை இப்படி அளக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் டாம் மெக்காஹில். 1946 முதல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற அமெரிக்க இதழில் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதியவர். வாங்குபவர் பக்கம் நின்ற அளவுகோல் அது.

விரைவிலேயே விற்பவர் கைக்கும் அது போனது. 1961-இல் பிரிட்டிஷ் இதழ்களின் சோதனையில் ஜாகுவார் இ-டைப் ஏறக்குறைய 7 விநாடியில் 60 மைலைத் தொட்டது. ஆனால் அந்தக் கார்கள் சோதனைக்கென்றே கவனமாகத் தயார் செய்யப்பட்டவை.

இன்னொரு சலுகை, டிராக் எனப்படும் நேர்கோட்டுப் பந்தயத்துக்கான அமெரிக்கத் தடங்களிலிருந்து வந்தது. அங்கே முன்சக்கரம் ஒளிக்கற்றையைத் தாண்டிய பிறகே கடிகாரம் ஓடும். அதற்குள் கார் சுமார் ஓர் அடி நகர்ந்திருக்கும்; சுமார் கால் விநாடி கணக்கில் வராது. அமெரிக்க இதழ்கள் பலவும் இதையே பின்பற்றின. 2021-இல் டெஸ்லா தன் மாடல் எஸ் பிளெய்டுக்குச் சொன்ன 1.99 விநாடியும் அந்த ஓர் அடியைக் கழித்த கணக்குதான்.

விநாடியைக் குறைக்க உதவுபவை இன்னும் உண்டு: பசை பூசிய தடம், சூடேற்றிய டயர், தேர்ந்த ஓட்டுநர். குடும்பத்தோடும் பெட்டிகளோடும் மழைச்சாலையில் கிளம்புபவருக்கு இவற்றில் எதுவும் வாய்ப்பதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் விநாடியை அச்சிடுபவர்கள் அளந்த விதத்தையும் அதே அளவில் அச்சிட்டிருக்க வேண்டும்.