பழ ஈயின் புடைப்புகள்

வாழைக்குலையை மொய்க்கும் பழ ஈயின் புழு, கூட்டுப்புழுவாகும் வேளையை அறிவிப்பது எக்டைசோன் என்னும் ஹார்மோன். 1954-இல் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அதில் 25 மில்லிகிராம்தான் பிரித்தெடுத்தார்கள். பொறுமையைப் பாருங்கள்!

அது மரபணுவையே எட்டுமா? 1960-இல் கிளெவரும் கார்ல்சனும் கொசுவையொத்த ஒரு பூச்சியின் புழுவுக்கு அதை ஊசியில் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் குரோமோசோமில் சில இடங்கள் புடைத்தன. மரபணு மும்முரமாக வேலை செய்யும் இடம் அப்படிப் புடைக்கும்.

பிறகு கேம்பிரிட்ஜில் ஆஷ்பர்னர், பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை வெளியே எடுத்து ஹார்மோனில் இட்டார். சில புடைப்புகள் நிமிடங்களில் எழுந்தன. வேறு சில மணிக்கணக்கில் தாமதித்தன. புரதம் உண்டாவதைத் தடுத்தபோதோ, முந்தியவை அடங்கவில்லை, பிந்தியவை எழவேயில்லை. ஆகவே முந்திய மரபணுக்களின் புரதந்தான் அவற்றையே அடக்கிப் பிந்தியவற்றை எழுப்புகிறது என்று 1974-இல் அவர் குழுவினர் எழுதினார்கள்.